ஓய்வுக்குப் பிறகும் தூதர்: வெளியுறவுக் கொள்கையில் முன்னாள் ராஜதந்திரிகளுக்கு என்ன வேலை?

ஓய்வுபெற்ற தூதர்களைப் பற்றி நம்மிடையே சில எண்ணங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னாள் தூதர் ஒருவர் பேட்டி கொடுத்தால், அதையே அரசின் நிலைப்பாடாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பதவியில் இல்லாதவர் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர் வெளிநாட்டில் யாரையாவது ஓசையில்லாமல் சந்தித்ததாகச் செய்தி வந்துவிட்டாலோ, மக்களுக்குத் தெரியாமல் நாட்டை அடகு வைக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இன்னும் அதிகம்.

இந்த மூன்று எண்ணங்களும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. முன்னாள் தூதர் எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரே மனிதர் ஒரு வருடம் பிரதமரின் ஆளாகப் போகலாம், அடுத்த வருடம் வெறும் குடிமகனாகக் கட்டுரை எழுதலாம். இரண்டுக்கும் எடை வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இந்தியாவின் அனுபவத்தை வைத்து இங்கே பார்க்கப்போகிறோம்.

பதவி போகும், பழக்கம் போகாது

இந்தியாவின் தூதர்களில் பெரும்பாலோர் ஐ.எஃப்.எஸ். எனப்படும் இந்திய வெளியுறவுப் பணியைச் சேர்ந்தவர்கள். இளம் வயதில் தேர்வு எழுதிச் சேர்கிறார்கள். ஆளுக்கொரு வெளிநாட்டு மொழி ஒதுக்கப்படுகிறது. சீனமோ, அரபியோ, ரஷ்யனோ, அந்த மொழி பேசும் நாட்டிலேயே இருந்து கற்கிறார்கள். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு நாடு என்று சுற்றி, 60 வயதில் ஓய்வு. நாட்டின் அளவோடு ஒப்பிட்டால் இந்தப் பணி மிகச் சிறியது. ஏறக்குறைய ஆயிரம் அதிகாரிகளை வைத்துக்கொண்டு இந்தியா உலகம் முழுவதையும் சமாளிக்கிறது.

ஓய்வு பெறும் நாளில் அவர்களிடமிருந்து போவது ஒன்றே ஒன்று: அரசின் சார்பில் வாக்குக் கொடுக்கும் அதிகாரம். மற்றதெல்லாம் தங்கிவிடுகிறது. அந்த நாட்டு வெளியுறவு அமைச்சரை அவர் இளம் அதிகாரியாக இருந்த காலத்திலேயே தெரியும். இருபது வருடத்துக்கு முன் ஒரு பேச்சுவார்த்தை எந்தச் சொல்லில் முறிந்தது என்று தெரியும். கோப்புகளில் எழுதப்படாத விஷயங்கள் இவை. ஆயிரம் பேர் மட்டுமே உள்ள ஒரு பணியில், ஓய்வுபெற்றவர்களின் இந்த நினைவை வீணாக்க எந்த அரசாலும் முடியாது.

அதிகாரம் இல்லாததே எப்படிப் பலமாகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பேச்சை எடுத்துக்கொள்வோம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் நேரடியாகத் தாம்பாளத்தோடு சந்திப்பதற்கு முன்னால், இரண்டு பக்கமும் தெரிந்த பெரியவர் ஒருவர் சும்மா வந்தது போல வந்து பேச்சுக் கொடுப்பார். "பையன் வெளியூரில் வேலை, உங்களுக்குச் சம்மதமா இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்பார். பிடித்தால் அடுத்த கட்டம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் மறுக்கவில்லை. பெரியவர் வந்தார், காபி குடித்தார், போனார், அவ்வளவுதான்.

நாடுகளுக்கும் இதே சிக்கல் உண்டு, பல மடங்கு பெரிதாக. பதவியில் இருக்கும் தூதர் ஒரு யோசனையைச் சொன்னால் அது அரசின் யோசனை. அதை எதிர்த்தரப்பு மறுத்தால் அரசுக்கே அவமானம். ஏற்றுக்கொண்டால், உள்நாட்டில் எதிர்க்கட்சி "விட்டுக் கொடுத்துவிட்டார்கள்" என்று கிளம்பிவிடும். ஆகவே பதவியில் இருப்பவர் எழுதிக் கொடுக்கப்பட்ட வரியைத் தாண்டுவதற்கே தயங்குவார். ஓய்வுபெற்றவர் "இது என் சொந்தக் கருத்து, இப்படிச் செய்தால் உங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்கலாம். பதில் எதுவானாலும் அரசைக் கட்டுப்படுத்தாது. தேவைப்பட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றும் அரசு சொல்லிவிட முடியும்.

ஆனால் கல்யாணப் பேச்சில் பெரியவரை வீட்டார்தான் அனுப்பினார்களா, அவராகவே வந்தாரா என்பது எதிர்வீட்டாருக்கு முக்கியம். இங்கும் அப்படியே. பின்னால் ஆட்சியில் இருக்கும் ஒருவர் நிற்கிறார் என்று எதிர்த்தரப்பு நம்பும்வரைதான் முன்னாள் தூதரின் சொல்லுக்கு எடை. என் பார்வையில் இந்த விஷயத்தின் உயிர்நாடியே இதுதான். இனி வரும் ஒவ்வொரு உதாரணத்திலும் இதைப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முன்னாள் தூதருக்கு அதிகாரம் இல்லை, அறிமுகமும் நினைவும் உண்டு. அரசைக் கட்டுப்படுத்தாமல் பேச முடிவது அவருடைய வசதி. அந்த வசதி, ஆட்சியாளரின் நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே செல்லும்.

சிறப்புத் தூதர்: பார்த்தசாரதியும் 1983-உம்

முதல் வகை, சிறப்புத் தூதர். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் நாட்டின் தலைவர் தன் சார்பில் அனுப்பும் ஆள் என்று பொருள். வழக்கமான தூதரகத்தைத் தாண்டி, நேராகத் தலைவருக்குப் பதில் சொல்பவர்.

தமிழர்களுக்கு மறக்க முடியாத உதாரணம் ஜி. பார்த்தசாரதி. 1912-இல் பிறந்தவர், நேரு அமைச்சரவையில் இருந்த என். கோபாலசாமி ஐயங்காரின் மகன். பத்திரிகையாளராகத் தொடங்கி, இந்தோனேசியாவிலும் சீனாவிலும் பாகிஸ்தானிலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து, ஐ.நா.வில் 1969 வரை பணியாற்றியவர். அப்புறம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இந்திரா காந்தி காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவோடு சமரசம் பேச விரும்பியபோது, இந்திராவின் சார்பில், அப்துல்லாவின் பிரதிநிதியான மிர்சா அஃப்சல் பேக்கோடு உட்கார்ந்து 1975 காஷ்மீர் உடன்பாட்டுக்கு வடிவம் கொடுத்தவரும் பார்த்தசாரதிதான்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது வன்முறை கட்டவிழ்ந்தபோது, எழுபதைத் தாண்டியிருந்த இவரைத்தான் இந்திரா கொழும்புக்கு அனுப்பினார். ஆகஸ்டில் போனார், நவம்பரில் மீண்டும் போனார். ஒரு பக்கம் ஜனாதிபதி ஜெயவர்த்தனா, இன்னொரு பக்கம் அமிர்தலிங்கம் தலைமையிலான தமிழர் விடுதலைக் கூட்டணி. இரு பக்கமும் பேசிப் பேசி அவர் உருவாக்க உதவிய யோசனைத் தொகுப்புக்கு 'இணைப்பு சி' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு மாகாணத்துக்குள் இருக்கும் மாவட்ட சபைகள் சேர்ந்து ஒரு பிராந்திய சபை ஆகலாம், அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவரை ஜனாதிபதி முதலமைச்சராக நியமிப்பார் என்பது அதன் முக்கியமான பகுதி.

1984 ஜனவரியில் கூடிய அனைத்துக் கட்சி மாநாட்டுக்கு இது போனது. அங்கே எதிர்ப்பு கிளம்பியது. ஜெயவர்த்தனா அந்த யோசனைக்காக உறுதியாக நிற்கவில்லை. பார்த்தசாரதி தமிழர் என்பதாலேயே சிங்களத் தரப்பில் பலர் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆண்டு இறுதியில் மாநாடு பலனில்லாமல் முடிந்தது. அதற்குள் அக்டோபரில் இந்திரா கொல்லப்பட்டிருந்தார். ராஜீவ் காந்தி வந்ததும் இலங்கை விவகாரம் வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரியின் கைக்கு மாறியது.

இதில் ஒரு புதியவர் கவனிக்க வேண்டியது, பார்த்தசாரதியின் அறிவோ அனுபவமோ 1984-க்கும் 1985-க்கும் இடையில் குறைந்துவிடவில்லை என்பது. அவருக்குப் பின்னால் நின்ற தலைவர் மறைந்தார், அவருடைய பாத்திரமும் சுருங்கியது. அவர் மேசையில் வைத்த சிந்தனை மட்டும் சாகவில்லை. முதலமைச்சரோடு கூடிய மாகாண சபை என்ற ஏற்பாடு 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக வந்தது. இடைப்பட்ட மூன்று வருடத்தில் போன உயிர்களை நினைத்தால், 1984-இலேயே அதற்கு இடம் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

பின்வாசல் பேச்சு: லம்பாவின் ஒன்பது ஆண்டுகள்

சிறப்புத் தூதரின் பயணம் செய்தியில் வரும். வராமலே நடப்பது பின்வாசல் பேச்சு. இரண்டு அரசுகளின் தலைவர்களும் அறிந்தே, ஆனால் வெளியே சொல்லாமல், நம்பிக்கைக்குரிய ஆட்கள் மூலம் நடத்தும் பேச்சு இது.

மன்மோகன் சிங் 2004-இல் பிரதமரானபோது தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக அமர்த்தியவர் ஜே.என். தீட்சித். 1985 முதல் 1989 வரை கொழும்பில் இந்திய ஹைகமிஷனராக (காமன்வெல்த் நாடுகளில் தூதருக்கு இதுதான் பெயர்) இருந்த அதே தீட்சித்தான். வெளியுறவுச் செயலராகி, 1994-இல் ஓய்வு பெற்று, பத்து ஆண்டு கழித்துத் திரும்பினார். பாகிஸ்தான் ஜனாதிபதி முஷாரஃபின் நம்பிக்கைக்குரிய தாரிக் அஜீஸோடு ரகசியப் பேச்சைத் தொடங்கினார். 2005 ஜனவரியில் தீட்சித் திடீரென இறந்துவிட, அந்த இடத்துக்கு வந்தவர் சதீந்தர் லம்பா.

லம்பா பிறந்தது பெஷாவரில். பிரிவினைக்கு முந்தைய பெஷாவர். 1990-களில் இஸ்லாமாபாதில் ஹைகமிஷனராக இருந்தவர். 2001-இல் மாஸ்கோவில் தூதர் பணியை முடித்து ஓய்வு பெற்றார். அதே வருடம் தாலிபன் ஆட்சி விழுந்ததும் ஆப்கானிஸ்தானுக்கான சிறப்புத் தூதராக அரசு அழைத்துக்கொண்டது. அப்புறம் 2005 முதல் 2014 வரை பிரதமரின் தூதராகப் பாகிஸ்தான் பின்வாசலைக் கவனித்தார். துபாய், லண்டன், பாங்காக் என்று மூன்றாம் நாட்டு ஹோட்டல் அறைகளில் சந்திப்புகள் நடந்தன.

அங்கே பேசியது காஷ்மீரைப் பற்றி. எல்லைக் கோட்டை மாற்றி வரைவதில்லை, ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி மக்களும் சரக்கும் போய்வரலாம், இரு பக்கமும் சுயாட்சி, வன்முறை குறையக் குறையப் படைகளையும் குறைப்பது, இரு பக்கத்துக்கும் பொதுவான விஷயங்களைப் பேச ஓர் ஏற்பாடு. இதெல்லாம் 'நான்-பேப்பர்' என்ற வடிவில் கைமாறியது. கடிதத் தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. யோசனை மட்டும் எழுதப்பட்ட வெறும் தாள். நாளை அதைக் காட்டி "நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்" என்று யாரும் கேட்க முடியாது. ஓய்வுபெற்ற தூதரும் நான்-பேப்பரும் நல்ல ஜோடி. இரண்டுமே அரசின் அறிவோடு, அரசின் பெயரில்லாமல் இயங்குபவை.

இரு தரப்பும் வெகுதூரம் நெருங்கியிருந்தார்கள். 2007 மார்ச்சில் முஷாரஃப் தன் நாட்டுத் தலைமை நீதிபதியைப் பதவியிலிருந்து விலக்கி, அதனால் எழுந்த போராட்டத்தில் சிக்கினார். 2008 ஆகஸ்டில் பதவி விலகினார். நவம்பரில் மும்பை தாக்குதல். அதற்குப் பின்னும் லம்பா பாகிஸ்தானின் புதிய ஆட்களோடு தொடர்பை விடவில்லை, ஆனால் பழைய வேகம் வரவேயில்லை. 2014 மே மாதம், ஆட்சி மாறுவதற்குச் சற்று முன், ஸ்ரீநகரில் காஷ்மீர் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையில்தான் இந்தத் தீர்வின் கூறுகள் பொதுவெளியில் விரிவாகக் கேட்டன.

'நாட்டை அடகு வைக்கிறார்கள்' என்ற கோபத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. பின்வாசலில் எதையும் கையெழுத்திட முடியாது. அங்கே முடிவாகும் எதுவும் அமைச்சரவைக்கும், தேவைப்பட்டால் நாடாளுமன்றத்துக்கும் வந்தே ஆக வேண்டும். ரகசியமாக இருப்பது பேச்சு மட்டுமே.

சுருக்கமாக: சிறப்புத் தூதரும் பின்வாசல் தூதரும் தலைவரின் ஆட்கள். அவர்கள் சொல்வதில் அரசின் மனம் தெரியும். ஆனால் அது அரசின் வாக்கு ஆகாது.

திரும்பப் பதவிக்கு வருபவர்கள்

இன்னும் சிலர் முழுப் பொறுப்போடு திரும்புகிறார்கள். இந்தியாவில் 1998-இல் உருவான தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி நல்ல உதாரணம். பிரஜேஷ் மிஸ்ரா, தீட்சித், எம்.கே. நாராயணன், சிவசங்கர் மேனன், அஜித் தோவல் ஆகிய ஐவருமே ஓய்வுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். மூவர் வெளியுறவுப் பணி, இருவர் காவல் பணி. 2003 முதல் சீனாவுடனான எல்லைப் பேச்சில் இந்தியாவின் சிறப்புப் பிரதிநிதிகளாக இருந்தவர்களும் இவர்களே.

ஷியாம் சரண் 2006-இல் வெளியுறவுச் செயலர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்துக்காகப் பிரதமரின் சிறப்புத் தூதரானார். அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவில் இருந்த 45 நாடுகளும் ஒரே மனதாகச் சம்மதித்தால்தான் அணு வணிகத் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு. தலைநகர் தலைநகராகப் போய் ஆதரவு திரட்டும் வேலை அது. 2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் விலக்கு கிடைத்தது.

கே.ஆர். நாராயணன் கதை இன்னும் நீண்டது. 1961-இல் பார்த்தசாரதி பெய்ஜிங்கை விட்டு வந்த பிறகு இந்தியா அங்கே தூதரையே அனுப்பவில்லை. 15 ஆண்டு கழித்து 1976-இல் போனவர் நாராயணன். ஓய்வுக்குப் பின் 1980-இல் வாஷிங்டனுக்குத் தூதராக மறுபடி அனுப்பப்பட்டார், 1997-இல் குடியரசுத் தலைவரானார். எஸ். ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலராக ஓய்வு பெற்று, டாடா நிறுவனத்துக்குப் போய், 2019 மே 30 அன்று வெளியுறவு அமைச்சரானது நமக்குத் தெரிந்ததே. இப்படித் திரும்பியவர் பேசினால் அது முன்னாள் தூதரின் பேச்சல்ல. அரசே பேசுகிறது.

இரண்டாம் தடம்: அரசு அறையில் இல்லாத பேச்சு

அமெரிக்க ராஜதந்திரி ஜோசப் மான்ட்வில் 1981-இல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். அரசும் அரசும் அதிகாரபூர்வமாகப் பேசுவது முதல் தடம். பதவியில் இல்லாதவர்கள், அதாவது முன்னாள் தூதர்கள், முன்னாள் தளபதிகள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள் சந்தித்துப் பேசுவது இரண்டாம் தடம். பதவியில் இருப்பவர்களும் தனிப்பட்ட முறையில் வந்து கலந்துகொண்டால் அதை ஒன்றரைத் தடம் என்கிறார்கள்.

பின்வாசலோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பின்வாசலில் இருப்பவர் தலைவரின் ஆள். இரண்டாம் தடத்தில் இருப்பவரை யாரும் அனுப்பவில்லை. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1991-இல் ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையில் தொடங்கிய நீம்ரானா உரையாடல் இந்த வகை. பாகிஸ்தான் தரப்பில் அதில் முக்கியமானவர் முன்னாள் வெளியுறவுச் செயலர் நியாஸ் நாயக். அதே நாயக்தான் 1999-இல் நவாஸ் ஷெரீஃபின் ஆளாக டெல்லி வந்து, வாஜ்பாயியின் சார்பில் பேசிய ஆர்.கே. மிஸ்ராவோடு பின்வாசல் பேச்சில் உட்கார்ந்தார். ஒரே மனிதர், இரண்டு நிலை. இரண்டாம் தடத்தில் வளர்ந்த பழக்கம் பின்வாசலுக்கு ஆளைத் தயார் செய்தது. ஆனால் கார்கில் போர் அந்தப் பேச்சை விழுங்கிவிட்டது.

இரண்டாம் தடத்தில் ஒப்பந்தம் பிறப்பது அரிது. அதை வைத்து "வீண் அரட்டை" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அரசுகள் பேசாத ஆண்டுகளில் எதிர்த்தரப்பு எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி அதிகமில்லை.

வெளிப்படையாகப் பேசும்போது

கடைசி வகைதான் நாம் அடிக்கடி பார்ப்பது. வெளியுறவு அமைச்சகமே ஓய்வுபெற்ற தூதர்களை ஐ.ஐ.டி.களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பி வெளியுறவுக் கொள்கை பற்றிச் சொற்பொழிவு நடத்துகிறது. 1943-இல் தொடங்கப்பட்டு, டெல்லி சப்ரு ஹவுஸில் இயங்கும் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் போன்ற ஆய்வு அமைப்புகளில் பலர் இருக்கிறார்கள். கட்டுரை எழுதுகிறார்கள், தொலைக்காட்சியில் பேசுகிறார்கள்.

இங்கே அவர்கள் குடிமக்கள். அரசை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். 2004 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் தூதர்கள் உள்ளிட்ட மூத்த ராஜதந்திரிகள் 52 பேர் சேர்ந்து, இராக்கிலும் பாலஸ்தீனத்திலும் அரசின் போக்கு தவறு என்று பிரதமர் டோனி பிளேருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வெளியுறவுக் கொள்கைக்குத் துணை நிற்பது என்றால் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தை நினைவில் வைக்கலாம். பதவியில் இருக்கும்போது உள்ளே கோப்பில் மட்டும் எழுத முடிந்த எச்சரிக்கையை, அவர்கள் வெளியே வந்து நாட்டுக்கே சொன்னார்கள்.

வரம்புகளும் உண்டு. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வோடு விலகிவிடாது. கோப்பில் பார்த்த ரகசியத்தை ஆயுள் முழுக்க வெளியிட முடியாது. ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் நிறுவன வேலைக்குப் போக மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த ஓராண்டுக்குப் பிறகு ஆயுத நிறுவனத்துக்கோ, எண்ணெய் நிறுவனத்துக்கோ ஆலோசகராக இருந்துகொண்டு ஒரு நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்பவரைக் கேட்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அறிவுக்கும் காலாவதி உண்டு. 1990-களில் பெய்ஜிங்கில் இருந்தவருக்குச் சீனர்கள் பேரம் பேசும் விதம் நன்றாகத் தெரியும், இன்று அங்கே யார் யாருக்கு வேண்டியவர் என்பது தெரியாமல் போகலாம்.

ஆகவே தொலைக்காட்சி நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 'முன்னாள் தூதர்' என்று மட்டும் போடாமல், எந்த நாட்டில், எந்த ஆண்டு வரை இருந்தார், இப்போது எந்த நிறுவனத்தோடு தொடர்பு, அரசுப் பொறுப்பு ஏதாவது வகிக்கிறாரா என்பதையும் பெயருக்குக் கீழே போடலாம். அவர் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.